காகிதம் பிள்ளையின் கையில் இருக்கட்டும்

பனமலை ஏரிக்கரையில் நின்றால் குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் தெரியும். ஊர்ப் பெயரிலும் சாமி பெயரிலும் பனை இருக்கிறது. அந்தக் குன்றின் அடியில்தான் போன மாதம் நீங்கள் ஐந்தாறு பேர் என்னை வந்து பார்த்தீர்கள். “சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் சார். தமிழும் கணக்கும் எப்படியோ ஓடிவிடுகிறது. அறிவியலுக்குச் சாமான் வேண்டுமே, எங்கே போவது?” என்று கேட்டீர்கள்.

2021 அக்டோபர் 27 அன்று நம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கியது. அதன் பிறகு திண்ணையிலும் மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் உட்கார்ந்து பாடம் சொன்ன தங்கச்சிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடமும் சாமான் கிடையாது. ஆனால் காகிதம் இல்லாத வீடு இந்தப் பக்கம் ஒன்றுகூடக் கிடையாது. அன்று இருட்டிவிட்டதால் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

1. முதலில் காகிதம் சேருங்கள். விலைக்கு வாங்க வேண்டாம். தினம் கிழிக்கிற நாள்காட்டித் தாள் மெல்லியது, பிள்ளையின் கைக்கு அளவானது, வருடத்துக்கு 365 கிடைக்கும். பழைய செய்தித்தாள், எழுதி முடித்த நோட்டு, தடித்த கல்யாணப் பத்திரிகை, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் வகை பிரித்து ஒரு பையில் போட்டு வையுங்கள்.

இருபது பிள்ளைகள் வந்தால் இருபது தாள் இருக்க வேண்டும். நீங்கள் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு செய்ய, இருபது பேரும் வாயைத் திறந்து பார்த்தால் அது வித்தை காட்டுவது. பிள்ளை கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடும். கண்ணாடிக் குழாயை ஒரு பிள்ளை உடைத்துவிட்டால் அடுத்த வாரம் யாரையும் தொட விடமாட்டோம். காகிதத்தை எத்தனை முறை கிழித்தாலும் யாரும் திட்டப் போவதில்லை. காகிதத்தை நான் இவ்வளவு நம்புவது அதனால்தான்.

2. முதல் நாள் கிழிக்கச் சொல்லுங்கள், அது போதும். செய்தித்தாளில் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாகக் கிழித்தால் கோடு போட்ட மாதிரி நேராக வரும். இடமிருந்து வலமாகக் கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். பிள்ளைகள் நம்பமாட்டார்கள். தன் கைதான் சரியில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கிழிப்பார்கள். கிழிக்கட்டும். பத்தாவது தாளில் ஒரு பிள்ளை, “கை இல்லைக்கா, பேப்பர்தான் இப்படி” என்று சொல்லும். அந்த வார்த்தை வருகிற வரை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

பிறகு காரணத்துக்கு வாருங்கள். காகிதம் நார்களால் ஆனது. ஆலையில் கூழைத் தண்ணீரோடு ஓடுகிற வலையில் ஊற்றும்போது பெரும்பாலான நார்கள் வலை ஓடுகிற திசையிலேயே படுத்துவிடுகின்றன. நாரோடு போகிற கிழிசல் நேராகப் போகிறது. குறுக்கே போனால் ஒவ்வொரு நாரும் தடுக்கிறது. விறகு பிளக்கிறவருக்கு இது தெரியும். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டரைத் தினம் பார்க்கிற பிள்ளைகள் இவர்கள். சாறு பிழிந்த சக்கையிலும் காகிதம் செய்யலாம், கரூர் பக்கம் புகளூரில் தமிழ்நாடு அரசு 1979-இல் தொடங்கிய நிறுவனம் அதைத்தான் செய்கிறது என்று சொல்லுங்கள். கரும்பைக் கடித்துத் துப்பிய சக்கையில் நார் இருப்பதை அந்தப் பிள்ளைகளின் பல்லே அறியும்.

3. எதையும் செய்வதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். கேட்டதை எழுதவும் வையுங்கள். வாயால் சொன்னதைப் பிள்ளை மாற்றிக்கொள்ளும், எழுதியதை மாற்ற முடியாது.

இதற்கு ஏற்றது தாளைப் பாதிப் பாதியாக மடிப்பது. எத்தனை தடவை மடிக்கலாம் என்று கேட்டால் இருபது, ஐம்பது, நூறு என்று எழுதுவார்கள். ஆறாவது மடிப்பில் கை வலிக்கும், ஏழாவதில் நின்றுவிடும். பெரிய செய்தித்தாளை எடுத்தாலும் அதே கதைதான். இப்போது கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு தாளின் கனம் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்தால், பத்து மடிப்பில் 1,024 அடுக்கு, 10 சென்டிமீட்டர் உயரம். இருபது மடிப்பில் 100 மீட்டரைத் தாண்டும். 42 மடிப்பு முடிந்தால் சுமார் 4,40,000 கிலோமீட்டர். நிலா இருப்பது சராசரியாக 3,84,000 கிலோமீட்டரில்.

எட்டுக்கு மேல் யாராலும் முடியாது என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். 2002-இல் பிரிட்னி கேலிவன் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவி, ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான மெல்லிய காகிதச் சுருளை ஒரே திசையில் 12 தடவை மடித்துக் காட்டினார். மடிப்புக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்பதற்கான சூத்திரத்தையும் அவரே கண்டுபிடித்தார். முடியாது என்று பெரியவர்கள் சொன்னதை அந்தப் பெண் அளந்து பார்த்தாள். நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள்.

4. பாடத்துக்குச் சாட்சியை ஊருக்குள் தேடுங்கள். நம் ஊரில் அது தலைக்கு மேலேயே நிற்கிறது.

இரண்டு செங்கல்லை ஒரு சாண் இடைவெளியில் வைத்து மேலே நோட்டுத்தாள் ஒன்றைப் பாலமாகப் போடச் சொல்லுங்கள். ஒரு ரப்பர் வைத்தாலே தொய்ந்துவிடும். அதே தாளை விரல் அகலத்துக்கு முன்னும் பின்னுமாக மடித்து, விசிறி மாதிரி ஆக்கி, மடிப்புகள் ஒரு செங்கல்லிலிருந்து மற்றதற்குப் போகும்படி வைத்தால், ஜியோமெட்ரி பாக்ஸைத் தாங்கும். தாளின் எடை கூடவில்லை, ஒட்டுப் போடவில்லை. வளைவதை எதிர்க்கும் பலம் உயரத்தில் இருக்கிறது. தட்டையான தாளுக்கு உயரம் அதன் கனம் மட்டும்தான். மடித்த தாளுக்கோ மடிப்பின் உயரம் முழுவதும் கிடைக்கிறது. ஒரு பலகையின் கனத்தை இரண்டு மடங்காக்கினால் வளையாமல் நிற்கும் திறன் எட்டு மடங்காகிறது என்பது பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கான கணக்கு.

அதன் பிறகு பிள்ளைகளை வெளியே கூட்டிப் போய் ஒரு பனை ஓலையைக் கையில் கொடுங்கள். ஓலை மடிப்பு மடிப்பாக இருக்கும். அவ்வளவு அகலமான ஓலை, தென்னை மட்டை போல் தொங்காமல், மட்டை நுனியில் விரித்த கைபோல நிமிர்ந்து நிற்பதற்கு இந்த மடிப்பு ஒரு பெரிய காரணம். ஏரிக் காற்று வருடம் முழுக்க அடிக்கிறது, ஓலை ஆடுகிறது, சத்தம் போடுகிறது, மடங்கிப் போவதில்லை. பிறகு தகரக் கூரையைக் காட்டுங்கள். அட்டைப்பெட்டியின் ஓரத்தைப் பிய்த்து உள்ளே அலை அலையாக இருக்கும் தாளைக் காட்டுங்கள். ஒரு பையன் என்னிடம், “அப்ப பனைமரம் பார்த்துத்தான் அட்டைப்பெட்டி செஞ்சாங்களா சார்?” என்று கேட்டான். இல்லை, இரண்டும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தவை என்றேன். அவன் அதற்குப் பிறகு நெடுநேரம் ஓலையை விடவில்லை.

ஆடி மாதக் காற்றில் ஓலைக் காற்றாடியைக் கருவேல முள்ளில் குத்தி ஓடிய தலைமுறை நாங்கள். அதையும் காகிதத்தில் செய்யச் சொல்லுங்கள்.

5. மல்லாட்டையை மறக்காதீர்கள். புத்தகத்தில் நிலக்கடலை என்று இருக்கும், நீங்கள் மல்லாட்டை என்றே சொல்லுங்கள். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்களுக்கு டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று பெயர். அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தைக் குறிப்பதுதான். அந்தப் பெருமை பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

ஒரு பருப்பை வெள்ளைத் தாளில் வைத்து நன்றாக அழுத்தித் தேய்க்கட்டும். பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், இன்னொரு இடத்தில் சோற்றுப் பருக்கை. காய விட்டு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால் தண்ணீரின் தடம் மறைந்திருக்கும், சோறு பட்ட இடம் சும்மா இருக்கும், மல்லாட்டை தேய்த்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவி வரும். எள், தேங்காய், உளுந்து, காராமணி என்று வீட்டில் உள்ளதையெல்லாம் தேய்த்து, எதில் எண்ணெய் இருக்கிறது என்று பட்டியல் போட்டு வரச் சொல்லுங்கள்.

ஏன் என்ற கேள்விக்கு அவசரப்படாதீர்கள். இதில் இருக்கும் அழகு நின்று பார்க்க வேண்டியது. காகித நாருக்கு உண்மையில் வெள்ளை நிறம் இல்லை. நாருக்கு நடுவில் காற்று இருக்கிறது. வெளிச்சம் நாரிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து நாருக்கும் மாறி மாறிப் போகும்போது ஒவ்வொரு எல்லையிலும் திரும்பிச் சிதறுகிறது. அந்தச் சிதறல்தான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. எண்ணெய் புகுந்து காற்றை வெளியே தள்ளிவிட்டால், எண்ணெயும் நாரும் ஒளியை ஏறக்குறைய ஒரே மாதிரி வளைப்பதால், சிதற எல்லை குறைந்துபோகிறது. வெளிச்சம் நேராக மறுபக்கம் போய்விடுகிறது. தண்ணீரும் நனைந்திருக்கும் வரை இதையே செய்கிறது, காய்ந்ததும் காற்று திரும்பி வந்துவிடுகிறது. நுரை ஏன் வெள்ளை, உப்புத்தூள் ஏன் வெள்ளை என்று பிள்ளைகளே இதிலிருந்து மேலே போவார்கள்.

6. டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, கல்யாணப் பத்திரிகை அட்டையால் மூடிக் கவிழ்த்துக் கையை எடுக்கும் சோதனை எல்லாருக்கும் தெரியும். அட்டை விழாது. காற்று தாங்குகிறது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எவ்வளவு தாங்குகிறது என்றும் சொல்ல வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். 7 சென்டிமீட்டர் வாய் உள்ள டம்ளருக்குச் சுமார் 38 கிலோ. உள்ளே இருக்கும் தண்ணீர் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

புத்திசாலிப் பிள்ளை ஒன்று அடுத்த கேள்வியைக் கேட்கும்: “பாதி டம்ளர் தண்ணீர்தான் இருக்கு, உள்ளேயும் காற்று இருக்கு, அது கீழே தள்ளாதா?” நியாயமான கேள்வி. செய்து பாருங்கள், அப்போதும் அட்டை நிற்கும். அட்டை இம்மியளவு கீழே தொய்கிறது, உள்ளே இருக்கும் காற்று சற்று விரிகிறது, அதன் அழுத்தம் குறைகிறது. 10 சென்டிமீட்டர் தண்ணீரைத் தாங்க நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் போதும். ஏனென்றால் வெளிக்காற்று முழுதாகத் தாங்கக்கூடியது ஏறக்குறைய 10 மீட்டர் தண்ணீர்.

அந்த 10 மீட்டரை நம் விவசாயிகள் கிணற்றில் கண்டிருக்கிறார்கள். தண்ணீர் கீழே போகப் போக, கரைமேல் இருந்த மோட்டாரைக் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்கினார்களே, எதற்கு? உறிஞ்சுகிற மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் காற்றைக் குறைக்கிறது, வெளிக்காற்று தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளலுக்கு எல்லை இருக்கிறது, நடைமுறையில் ஏழெட்டு மீட்டரோடு நின்றுவிடும். வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் மோட்டார் இறக்கிய கதையைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.

7. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

காகிதப் பட்டை ஒன்றைக் கீழுதட்டுக்கு அடியில் பிடித்து மேலாக ஊதினால் தொங்கிய பட்டை எழும்பும். வேகமாகப் போகிற காற்றில் அழுத்தம் குறைவு, விமான இறக்கையும் இப்படித்தான், இறக்கையின் மேல்பக்கம் நீளம், மேலே போகிற காற்று கீழே போகிற காற்றோடு ஒரே நேரத்தில் சேர வேண்டும், அதனால் வேகமாக ஓடுகிறது என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தேன். ஒரு நாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “கீழ இருக்கிற காத்து வர்ற நேரம் மேல இருக்கிற காத்துக்கு எப்படி சார் தெரியும்?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. உட்காரச் சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அது மனதில் முள்ளாகக் குத்துகிறது.

அவள் கேட்டது சரி. இரண்டு காற்றும் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, சேர்வதும் இல்லை. பட்டையை நேராகக் கீழே தொங்கவிட்டு, ஒரு பக்கமாக மட்டும், தாளில் மோதாமல் மேலிருந்து கீழாக ஊதிப் பாருங்கள். வேகமான காற்றில் அழுத்தம் குறைவு என்பது மட்டுமே காரணமாக இருந்தால் பட்டை அந்தப் பக்கம் வர வேண்டும். வராது. முதல் சோதனையில் பட்டை வளைந்து தொங்குகிறது. நாம் ஊதிய காற்று அந்த வளைவை ஒட்டிக் கீழ்நோக்கித் திரும்புகிறது. காற்று திரும்ப வேண்டுமானால் வளைவின் உள்பக்கம், அதாவது தாளை ஒட்டி, அழுத்தம் குறைந்தாக வேண்டும். காற்றைத் தாள் கீழே திருப்புகிறது, தாளைக் காற்று மேலே தூக்குகிறது.

அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாளோ. உங்களிடம் அப்படி ஒரு கேள்வி வந்தால், “எனக்குத் தெரியலை பாப்பா, ரெண்டு பேரும் பார்ப்போம்” என்று சொல்லுங்கள். பிள்ளைகள் உங்களைக் குறைவாக நினைக்கமாட்டார்கள்.

8. காகிதம் பிள்ளையின் கையில் இருக்கட்டும் என்று சொன்னேன், நெருப்பு அதற்கு விலக்கு. காகிதத்தில் பெட்டி மடித்துத் தண்ணீர் ஊற்றி மெழுகுவர்த்தி மேல் பிடித்தால் தண்ணீர் கொதிக்கும், காகிதம் எரியாது. தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, காகிதம் பற்ற 230 டிகிரி வாக்கில் வேண்டும். நல்ல சோதனைதான். ஆனால் நீங்களே செய்யுங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், பிள்ளைகள் இரண்டு கை தூரத்தில், துப்பட்டாவும் அவிழ்ந்த முடியும் கட்டியபடி.

ஒரு பள்ளியில் நான் இதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்த மூலை பற்றிக்கொண்டது. பையன் பதறிக் கையை உதற, சுடுதண்ணீர் பக்கத்துப் பிள்ளையின் முழங்காலில் கொட்டிவிட்டது. புண் பத்து நாளில் ஆறியது. அந்தப் பிள்ளை பிறகு மெழுகுவர்த்தியைப் பார்த்தாலே ஒதுங்கியது, அது எப்போது ஆறியதோ தெரியாது.

9. மஞ்சளைக் குழைத்துத் தாளில் தடவிக் காய வைத்தால் சோதனைத் தாள் தயார். சோப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தெளிவு பட்டால் சிவக்கும், எலுமிச்சைச் சாறு பட்டால் மஞ்சளுக்குத் திரும்பும். ஆரத்தி கரைத்த வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். கறுப்பு ஸ்கெட்ச் பேனா புள்ளி வைத்த தாளின் நுனியைத் தண்ணீரில் நனைத்து, கறுப்பிலிருந்து நிறங்கள் பிரிந்து ஏறுவதையும் ஒரு நாள் பாருங்கள். புள்ளி தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். பால்பாயின்ட் மை பிரியாது.

10. “இதெல்லாம் விளையாட்டு, பரீட்சைக்கு வருமா?” என்று பெற்றோர் கேட்பார்கள். சோடா மூடியைத் தட்டையாக்கி இரண்டு துளை போட்டு நூல் கோத்து இழுத்து இழுத்துச் சுழற்றுவோமே, அந்த விளையாட்டின் கதையைச் சொல்லுங்கள். மனு பிரகாஷ் என்ற விஞ்ஞானி உத்தரப் பிரதேசத்தில் மீரட்டில் பிறந்தவர், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். அவரும் அவர் குழுவும் அதே விளையாட்டைக் காகித வட்டில் செய்து, நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை சுழலவைத்து, மின்சாரம் இல்லாமல் இரத்தத்தைப் பிரித்துக் காட்டியதை 2017-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே 2014-இல் மடித்துச் செய்கிற காகித நுண்ணோக்கியையும் அவர்கள் வெளியிட்டிருந்தார்கள். விளையாட்டு என்று தள்ளுகிற அப்பாக்களுக்கு இது போதும்.

11. கடைசியாகச் சூரியன். நேராகப் பார்க்கவே கூடாது, இதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போட்டு வெயிலில் பிடித்து, சரியாக ஒரு மீட்டர் தள்ளி நிழலில் வெள்ளைத் தாளை வைத்தால், சின்னதாக ஒரு ஒளிவட்டம் விழும். துளையைச் சதுரமாக வெட்டினாலும், சின்னதாக இருக்கிற வரை, வட்டம்தான் விழும். அது துளையின் உருவம் இல்லை, சூரியனின் உருவம். அளந்தால் 9 மில்லிமீட்டருக்கு ஒட்டி வரும். ஆயிரத்துக்கு ஒன்பது. சூரியன் இருப்பது 15 கோடி கிலோமீட்டரில். பெருக்கி வகுத்தால் 13, 14 லட்சம் கிலோமீட்டர் வரும், சூரியனின் குறுக்களவும் ஏறக்குறைய அதுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு குண்டூசியும் ஒரு தாளும் வைத்துக்கொண்டு சூரியனை அளந்துவிடுகிறது. இதைச் செய்த நாளில் நான் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 டிகிரி வாக்கில் இருப்பதால் வருடத்தில் இரண்டு நாள், ஏப்ரல் 22 வாக்கிலும் ஆகஸ்ட் 20 வாக்கிலும், உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி நிமிர்த்தி வைத்தால் அதற்கு நிழல் இருக்காது. டெல்லிப் பிள்ளைகளுக்கு இது வாழ்நாளில் கிடைக்காது. சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இந்தியக் கடிகாரம் மிர்சாப்பூர் பக்கம் போகிற தீர்க்கரேகைக்கு வைத்தது. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். ஏப்ரலில் நமக்கு உச்சி 12 மணி 10 நிமிட வாக்கில்தான். ஆகஸ்டில் மேகம் மறைக்கலாம், ஏப்ரலை நம்புங்கள்.

அந்த ஏப்ரல் நாளில் பன்னிரண்டுக்கே குன்றடிக்கு வந்துவிடுங்கள். சமதளப் பாறை ஒன்றை நான் பார்த்து வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குத் தொப்பியும் தண்ணீரும் எடுத்து வாருங்கள். காகிதக் குழாயை நீங்கள் செய்து எடுத்து வர வேண்டாம், அவர்களே சுருட்டிக்கொண்டு வரட்டும்.